தண்ணிக்குச் சோறு போடு மாப்ளே

மலை மேல எடப்புளி நாட்டுல பண்ணைக்குட்டை வெட்டி மீன் விட்டிருக்கியாமே மாப்ளே! தீவனம் மூட்டை மூட்டையா 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி வருதாம். மீன் கொழுக்குதோ இல்லையோ, லாரிக்காரன் நல்லாக் கொழுத்துட்டான்.

நான் கைநாட்டு. தப்பாச் சொன்னா உன் போனைக் கேட்டுக்கோ. கட்லா, ரோகு, மிர்கால் மூணும் கங்கைக்கரைச் சாதி. 1957-ல ஒரிசா கட்டாக்குல ஹீராலால் சவுத்ரி கெண்டைக்கு ஊசி போட்டுக் குஞ்சு பொரிக்க வெச்சார். அதனாலதான் இன்னைக்கு உன் குட்டை வரைக்கும் குஞ்சு வருது. ஊர் மாறினாலும் அதுங்க தீனிப் பழக்கம் மாறலை.

சாணி கரைஞ்சா பாசி பிடிக்கும். பாசியைத் தின்னு பொடிப்பூச்சி பெருகும். கட்லா மேல்தண்ணியில அந்தப் பூச்சியை வடிகட்டித் தின்னும். ரோகு நடுத்தண்ணியில மேயும். மிர்கால் அடிச்சேத்தைக் கிளறும். புல்கெண்டைக்கு வரப்புப் புல்லு போதும். பாதியைச் செரிக்காமக் கழிச்சு மத்ததுக்கு உரம் போட்டுடும். ஒரே பந்தியில உக்காந்தும் அடுத்தவன் இலையில கை வைக்காத சம்பந்திங்க!

பொடிக்குஞ்சு தேறுறதே அந்தப் பூச்சியாலதான். ஈரம் போகக் காயவெச்சா அதுல பாதிக்குப் பாதி புரதம். உன் மூட்டையில 28 சதம்னு அச்சடிச்சிருக்கான், பெருமையா அடுக்கி வெச்சிருக்கே. குட்டை அடியில வேற பளபளன்னு பிளாஸ்டிக் தாள்! மிர்கால் எதைக் கிளறும், கம்பெனி பேரையா? தாள் மேல மண்ணைப் பரப்பு.

தீவனமே வேணாம்னு சொல்லலை. நெருக்கமா விட்டா பூச்சி மட்டும் பத்தாது. கடலைப்புண்ணாக்கும் தவிடும் சரிபாதி கலந்து, தின்னு தீர்க்கிற அளவுக்கு வை.

வெயில் ஏறினதும் தண்ணிக்குள்ள கையை விட்டுப் பாரு. முழங்கை முங்கும்போது உள்ளங்கை மறைஞ்சா சரி. அப்பவும் விரல் தெரிஞ்சா தண்ணி பட்டினி கிடக்கு. மணிக்கட்டு முங்கினதுமே மறைஞ்சா சாணியை நிறுத்து. சேத்துக் கலங்கலைப் பாத்துப் பாசின்னு ஏமாந்துடாதே. பாசி மிஞ்சினா ராத்திரியில அதுவும் சேந்து மூச்சு வாங்கும். விடியக்காலம் மீனெல்லாம் மேல வந்து வாயைப் பிளக்கும். நம்ம மலைக்கோயில் சாமி அறப்பளீஸ்வரர் அறுத்த மீனையே பொருத்தினார்னு சொல்வாங்க. அதுக்காக உன் குட்டைக்கு ராத்திரி காவலுக்கு வருவாரா?

மார்கழிக் குளிர்ல கெண்டைக்குப் பசி மந்தம். அப்பக் கொட்டுற தீனி அழுகி நாறும், கையை மடக்கு. கீழ்நாட்டுக்காரன் சொல்ற எடைக்கணக்கை அடிவாரத்துலயே விட்டுட்டு வா.

சாணி ஏக்கருக்கு வருசம் 6, 8 டன் வேணும். அஞ்சுல ஒரு பங்கைக் குஞ்சு விடுறதுக்கு முன்னாடியே போட்டுட்டு, மீதியை மாசாமாசம் பிரிச்சுப் போடு. அவ்வளவுக்கு எங்க போறதுன்னு முழிக்காதே. என் கொட்டாயில குவிஞ்சுதான் கெடக்கு. சொந்தத்துக்குள்ள வெலை பேசுனா நல்லாவா இருக்கும்? முன்பணத்தை மட்டும் வெச்சுட்டுப் போ.