மென்பொருளாளரின் உழைப்பு, ஆட்டம், ஓய்வு: ஒரு திணை மயக்க ஆய்வு

நாளின் இருபத்துநான்கு மணியை உழைப்புக்கு எட்டு, பொழுதுபோக்குக்கு எட்டு, ஓய்வுக்கு எட்டு என்று ராபர்ட் ஓவன் 1817இல் பங்கு பிரித்தார். 1923 மே 1 அன்று சிங்காரவேலர், அந்தப் பங்கைக் கேட்டுப் பிறந்த மே தினத்தை இந்தியாவில் முதன்முறையாகக் கொண்டாடியது சென்னைக் கடற்கரையில். அதே ஊரின் தென்கோடியில், தரமணியில், 2000இல் டைடல் பார்க் என்ற மென்பொருள் பூங்கா திறக்கப்பட்டது. ஓவனின் பங்கு பிரிப்பு கலைந்தது அதற்குப் பிறகே என்பது இவ்வாய்வின் துணிபு.

முதலில் பொழுது. நியூயார்க்கில் காலை ஒன்பது என்றால் சென்னையின் ஓ.எம்.ஆர் சாலையில் மாலை ஆறரை. அங்கே குளிர்காலமானால் ஏழரை. அமெரிக்கர் மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தைத் திருகுகிறார்கள். சோழிங்கநல்லூரில் ஒருவருடைய இரவுச் சாப்பாடு ஒரு மணி நேரம் இடம்பெயர்கிறது.

அடுத்து நிலம். அது மூன்று வகைப்படும்: இருக்கை, பிரேக்அவுட் அறை, டீக்கடை. இவற்றுக்குரிய ஒழுக்கங்கள் முறையே உழைப்பு, ஆட்டம், ஓய்வு. ஒரு நிலத்தின் ஒழுக்கம் இன்னொரு நிலத்தில் நிகழ்வதைத் தொல்காப்பியர் திணை மயக்கம் என்று ஒப்புக்கொண்டார். எங்கோ எப்போதோ நேர்வதை மனத்தில் வைத்து அவர் தந்த சலுகை அது. இங்கே தினசரி நடப்பு.

இருக்கையில் நிகழ்வது ஓய்வு. என்னை? எனின், ஆள் மீட்டிங்கில் இருக்கிறார். கேமரா இல்லை, மைக் மியூட்டில். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் ஆறேழு நொடி அமைதி, பிறகு, “ஸாரி, மியூட்ல இருந்தேன்.” கேள்வியை மறுபடி கேட்க வைக்கும் உத்தி இது என்பதைக் கேட்பவரும் அறிவார், அவரும் நேற்று இதையே சொன்னவராதலால். மீட்டிங் இல்லையெனில் பில்டு ஓடுகிறது. பில்டு ஓடுகையில் உழைப்பது சர்வர்.

பிரேக்அவுட் அறையில் நிகழ்வது உழைப்பு. அங்குள்ள டேபிள் டென்னிஸ் மேசை பெரும்பாலும் பிறந்தநாள் கேக் வெட்டவே பயன்படுகிறது. ஆட்டம் என்று ஒன்று நடந்தால் அது ஃபன் ஃபிரைடே. வருகை கட்டாயம், ஃபோட்டோவில் சிரிப்பும் கட்டாயம். இதற்குமேல் அங்கே ஆராய ஒன்றுமில்லை.

டீக்கடைதான் ஆய்வின் உயிர்நிலை. உள்ளே மெஷினில் இலவசமாக வருவதை விட்டுவிட்டு, லிஃப்டுக்குக் காத்திருந்து, வெயிலில் நடந்து, காசு கொடுத்துக் குடிப்பது ஏன் என்பார்க்கு விடை: வேலை அங்கேதான் நடக்கிறது. நள்ளிரவுக்கும் விடியற்காலை ஐந்தரைக்கும் இடையில் போட்ட ஆர்டரெல்லாம் ஏன் முந்தின நாள் கணக்கில் விழுகின்றன என்று காலை முழுக்கத் திரையை முறைத்தவர், பாதி டீயில், பஜ்ஜியின் எண்ணெயைப் பிழிந்துகொண்டிருக்கும் நண்பரிடம் புலம்புகிறார். நண்பர் நிமிராமலே சொல்கிறார்: “மச்சி, சர்வர் யூடிசில இருக்கு. நீ ஐஎஸ்டில பாக்குற.” முடிந்தது. நண்பர் செய்வது வேறு ப்ராஜெக்ட் என்பதும் பதிவுக்குரியது. கணித மேதை ஹென்றி புவான்காரேவுக்கும் இப்படித்தான், ஒரு முக்கியக் கருத்து வண்டிப் படியில் கால் வைத்த நொடியில் பிடிபட்டதாக அவரே எழுதிவைத்திருக்கிறார். ஆனால் டைம்ஷீட்டில் டீக்கென்று குறியீடு கிடையாது. ஆகவே அந்த அரைமணி ‘மீட்டிங்’ என்று பதிவாகிறது. மேலே கண்டபடி மீட்டிங் என்பது ஓய்வு.

மேலைநாட்டார் இதைச் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை. பிரான்செஸ்கோ சிரில்லோ தக்காளி வடிவ டைமரை வைத்துக்கொண்டு இருபத்தைந்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் இடைவேளை என்று முறை வகுத்தார். ஐந்து நிமிடத்தில் ஒன்பதாம் மாடிக்கு லிஃப்ட் வந்தாலே பெரிது. 1991இல் கேம்பிரிட்ஜ் கணினி ஆய்வகத்தார், காலிப் பாத்திரத்தைப் பார்க்க வீணாக நடப்பானேன் என்று காபிப் பாத்திரத்துக்கு நேரே ஒரு கேமராவை வைத்தனர். நடையை மிச்சம் பிடித்தது பெரும் பிழை என்பது என் கட்சி. எனினும் சோம்பலில் பிறந்த அந்த விளையாட்டைத்தான் இன்று உலகின் முதல் வெப்கேமரா என்கிறார்கள். மயக்கத்துக்கு இதைவிடச் சான்று வேண்டா.

இங்கே ஒரு தடை எழும்: வீட்டிலிருந்து வேலை செய்வோர் எத்திணை? ஒழுக்கம் மயங்கலாம், நிலம் மயங்கலாகாது என்று வரம்பு கட்டியவர் தொல்காப்பியர். 2020 மார்ச் முதல் சாப்பாட்டு மேசையே இருக்கை, அதுவே பிரேக்அவுட் அறை, அதுவே டீக்கடை. இலக்கணம் இங்கே கைவிரிக்கிறது, தீர்ப்பு அம்மாவுடையது: “சும்மாதானே உக்காந்திருக்க, ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கிட்டு வா.” வேலை செய்பவர் படியிறங்கித் தெருமுனை சேர்வதற்குள் திரையில் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். கடைக்காரர் சில்லறை தேடும் நேரம் பார்த்து மேலாளரிடமிருந்து ‘ஹாய்’ என்று வரும். அதற்குப் பின்னால் வேறொன்றும் வராது. அந்த ஹாயின் பொருள் குறித்து உரையாசிரியர்களிடையே இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை.