ஏலக்காய்க்கு ஒரு நியாயம், சோப்புக்கு ஒரு நியாயம்

அனுப்புநர்:
சில்லறை மளிகைக் கடைக்காரர் ஒருவர்,
கம்பம் பள்ளத்தாக்கு, தேனி மாவட்டம்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
இந்தியப் போட்டி ஆணையம், புது தில்லி.

பொருள்: என் போட்டியாளரிடமே நான் சரக்கு வாங்கி விற்று வருவது – தகவலுக்காகப் பணிந்து தெரிவித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வியாபாரத்தில் போட்டி குறைந்துவிடக் கூடாது என்று 2002-லேயே சட்டம் போட்டு, அதைக் காக்கத் தங்களையும் அமர்த்தியிருக்கிறது அரசாங்கம். எங்கள் பக்கம் போட்டிக்கு ஒரு குறையும் இல்லை என்பதைத் தெரிவிக்கவே இந்தக் கடிதம்.

தேனியில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. ஏஜென்சியில் எனக்கு விழும் அடக்க விலையைவிடக் குறைவாக, அங்கே சலவைத் தூளை ஆஃபரில் விற்கிறார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு பஸ் ஏறுகிறேன். ‘ஒருவருக்கு மூன்று பாக்கெட் மட்டுமே’ என்று அட்டை தொங்குவதால் நான் ஒரு வரிசை, வீட்டுக்காரி ஒரு வரிசை, மச்சினன் ஒரு வரிசை. ஒருவரையொருவர் தெரியாதவர்கள் மாதிரி நிற்போம். போன தடவை சின்னவன் பக்கத்து வரிசையிலிருந்து “அப்பா, எனக்கும் மூணு எடுக்கவா?” என்று கத்திவிட்டான். பில் போடும் பெண் சிரித்துக்கொண்டே போட்டுக்கொடுத்தார். இவ்வளவு நெருக்கமான போட்டியைத் தாங்கள் தில்லியில்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். போட்டியாளருக்கு வாடிக்கையாளரே நான்தான்!

அரசாங்கம் எங்களைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். தராசுக்குத் தொழிலாளர் துறை முத்திரை வைக்கிறது. கடைக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு உண்டு. பாக்கெட்டின் முதுகில் அதிகபட்ச சில்லறை விலை அச்சாகியிருக்கிறது. ஒரு ரூபாய் கூட்டி விற்றால் அபராதம். நான் விற்கிற விலை ஊருக்கே தெரியும். அதே பாக்கெட் எனக்கு என்ன விலைக்கு வருகிறது, பெரிய கடைக்கு என்ன விலைக்குப் போகிறது என்பது மட்டும் தேவ ரகசியம்.

ஏஜென்சித் தம்பி வாராவாரம் லைனுக்கு வருவார். தள்ளுபடி ஸ்கீம் கேட்டால், “நேத்தோட முடிஞ்சுபோச்சுண்ணே” என்பார். சரி, சோப்பாவது போடு என்றால், “கூடவே இந்த ஃபேஸ்வாஷ் ஒரு பெட்டி எடுத்துக்கங்கண்ணே, மாசக் கடைசி, டார்கெட் நிக்குது” என்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கழுத்தில் கம்பெனி உட்கார்ந்திருக்கிறது. வயல் வேலை முடிந்து வாய்க்காலில் முகம் கழுவிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் ஃபேஸ்வாஷ் விற்றாக வேண்டும். ஒன்றை வாங்கினால்தான் மற்றது என்று கட்டி விற்பதைத் தங்கள் சட்டத்தின் 3(4) பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறதாம். ஆனால் அதனால் சந்தையில் போட்டி கணிசமாகக் கெடுகிறது என்று நிரூபிக்க வேண்டுமாம். ஆளுக்கொரு விலை வைப்பதும் அடக்கத்துக்குக் கீழே விற்பதும் 4-ஆம் பிரிவில் வருகிறது. அதற்கு, விற்பவர் சந்தையில் ஆதிக்கம் உள்ளவர் என்று முதலில் நிரூபிக்க வேண்டுமாம். என் அலமாரியில் தூசி படிந்து நிற்கும் ஃபேஸ்வாஷ் பெட்டியைத் தடயமாக அனுப்பத் தயார். கூரியர் செலவைத் தாங்கள் ஏற்க வேண்டும்.

மொத்த விலையை வெளிப்படையாக வைக்க முடியுமா என்று கேட்டால், எங்கள் போடிக்கு ஒருமுறை வந்து பாருங்கள். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் வியாபாரிகள் கணினி முன்னால் உட்கார்ந்து ஏலக்காய்க்கு விலை கேட்கிறார்கள். எவ்வளவு வரத்து, எவ்வளவு விற்றது, உச்ச விலை என்ன, சராசரி என்ன என்பதை வாரியமே அன்றாடம் வெளியிடுகிறது. அந்த ஏலத்திலும் குறை சொல்பவர்கள் உண்டு. ஆனாலும் மலையில் தோட்டம் வைத்திருப்பவர் செல்போனைத் தட்டினால் மொத்த விலை தெரிந்துவிடுகிறது. பாயசத்தில் இரண்டு போடுகிற ஏலக்காய்க்கு இத்தனை வெளிச்சம். தினமும் தேய்த்துக் குளிக்கிற சோப்புக்கு அடர்ந்த இருட்டு!

மொத்த வியாபாரக் கிடங்குகள் இருக்கின்றனவே என்பீர்கள். ஜெர்மனியின் மெட்ரோ நிறுவனம் 2003-ல் இந்தியாவுக்கு வந்து, எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்கு மொத்த விலையில் விற்றது. அதன் இந்திய வியாபாரத்தை 2,850 கோடி ரூபாய்க்கு ரிலையன்ஸ் ரீடெய்ல் வாங்க, 2023 மார்ச்சில் ஒப்புதல் கொடுத்தது தாங்கள்தான். நாட்டின் மிகப் பெரிய சில்லறை வியாபாரியே இன்று சில்லறைக் கடைகளுக்கு மொத்த வியாபாரியும் ஆகிவிட்டார். ஆட்டுக்கு ஓநாயே தீவனம் போட வருகிறது. அதில் தப்பு இல்லை, தீவனத்தின் விலையை யார் பார்ப்பது என்பதுதான் கேள்வி.

இது எனக்கு மட்டும் வந்த கஷ்டம் அல்ல. பெரிய நிறுவனங்களுக்குக் கொடுக்கும் விலையை எங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்டு, 2022 ஜனவரியில் மகாராஷ்டிரத்து விநியோகஸ்தர்கள் கோல்கேட் சரக்குகள் சிலவற்றை எடுக்க மறுத்தார்கள். ஏஜென்சிக்காரர்களுக்கே அந்தக் கதி என்றால், அவர்களுக்கும் கீழே இருக்கிற நான் எம்மாத்திரம்?

வெளிநாட்டுக் கதையும் ஒன்று உண்டு. நியூசிலாந்தில் இரண்டு பெரிய குழுமங்களின் பிடியில்தான் மளிகை வியாபாரம் இருக்கிறது. அவை நாளொன்றுக்குச் சுமார் 10 லட்சம் டாலர் அதிகப்படி லாபம் பார்ப்பதாக அந்த நாட்டு வணிக ஆணையம் 2022-ல் கணக்குக் காட்டியது. 2023-ல் சட்டம் வந்தது. மற்றக் கடைக்காரர் மொத்தச் சரக்கு கேட்டால் அந்தப் பெரியவர்கள் தட்டிக்கழிக்காமல் பரிசீலிக்க வேண்டும். மேற்பார்க்க மளிகைக்கென்றே ஓர் ஆணையரும் உண்டு. அதனால் அங்கே பாலும் தேனும் ஓடவில்லை, போட்டி பெரிதாக வளரவில்லை என்றும் அந்த ஆணையமே எழுதிவிட்டது. ஆனாலும் நோய் கடை வாசலில் இல்லை, கிடங்கு வாசலில் இருக்கிறது என்றாவது கண்டுபிடித்தார்கள்.

நாங்கள் சலுகை கேட்கவில்லை. ஜனங்களுக்கு மலிவாகக் கிடைப்பதைத் தடுக்கவும் கேட்கவில்லை. ஆயிரம் பெட்டி எடுப்பவருக்குக் குறைத்துக் கொடுப்பது வியாபார தர்மம். அந்தக் குறைப்பு எவ்வளவு என்று எல்லோரும் பார்க்க எழுதிப் போடட்டும். பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து ஆயிரம் பெட்டி கேட்டால் அதே விலையைக் கொடுக்கட்டும். வேண்டாத சரக்கை வேண்டியதோடு கட்டாமல் இருக்கட்டும். சில்லறைக் கடையும் மொத்தக் கிடங்கும் சேர்த்து நடத்துகிறவர், தன் கடைக்குப் போடும் விலையை வெளியே சொல்லட்டும். அப்புறமும் நான் தோற்றால் என் சாமர்த்தியம் அவ்வளவுதான் என்று ஷட்டரை இறக்கிவிடுகிறேன்.

இதை முறைப்படிப் புகாராகத் தாக்கல் செய்யாமல் ஏன் ஊரறியக் கடிதம் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். தங்களிடம் தனிநபர் தாக்கல் செய்யக் கட்டணம் 5,000 ரூபாயாம். சோப்புக்கு எனக்கு நிற்பது ஒரு ரூபாய். ஐயாயிரம் சோப்பு விற்றுவிட்டு வருகிறேன். அதற்குள் ஒரு சின்ன விவரம் தெரிவித்தால் உதவியாக இருக்கும்: பத்துப் புகார் மொத்தமாக எடுத்தால் தங்களிடம் ஏதாவது ஸ்கீம் உண்டா? அதுவும் நேற்றோடு முடிந்துவிட்டதா?

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சில்லறைக் கடைக்காரன்