காடு பாதி, கச்சேரி பாதி

கேள்வி: ஒரே நாளில் பிள்ளைகளுக்குக் காடு, மாமனாருக்குக் கச்சேரி. சிங்கப்பூரில் நடக்குமா?

பதில்: நடக்கும், அவர்கள் நடந்தால்!

உள்ளூர்த் தமிழர் பூமலை என்று அழைக்கும் தாவரவியல் பூங்கா 1859இல் தொடங்கியது. 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. நுழைவு இலவசம். உள்ளே ஏறத்தாழ 6 ஹெக்டேர் மழைக்காடு. உடும்பு ஒன்று பாதையின் குறுக்கே வந்தால், வழிவிட வேண்டியது குடும்பம்தான்; அது மூத்த குடி. ஐந்து வெள்ளி நோட்டில் இருக்கும் தெம்புசு மரத்தையும் பிள்ளைகள் நேரில் பார்க்கலாம். நோட்டை அப்பாதான் எடுத்துக் காட்ட வேண்டும்.

குழந்தைகளுக்கான தோட்டத்தில் சட்டம் தலைகீழ்: பிள்ளை உடன் வந்தால்தான் பெரியவருக்கு அனுமதி.

கச்சேரி, ஏரி நடுவே உள்ள மேடையில். சிங்கப்பூர் சிம்பொனி இசைக்குழு அங்கே இலவசமாக வாசிப்பதுண்டு. எதிரே புல்மேடு, பாய் விரித்தவருக்கே இடம். தனி ஆவர்த்தனம் எப்போது என்று மாமனார் கேட்டால், டிரம்ஸ் பக்கம் கை காட்டிவிடலாம்.

கச்சேரி தினமும் கிடையாது. தேதி பார்த்துக் கிளம்புங்கள், குடையோடு.