தேயிலையில் கழியும் எண்ணெய்க் கடன்

2012இல் ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கான 251 மில்லியன் டொலர் கடனைத் தேயிலையால் தீர்க்க, 2021 டிசம்பரில் இலங்கை உடன்பட்டது. மாதம் 5 மில்லியன் டொலர் தவணை. பெற்றோல் செட்டுப் பக்கமே போகாத கொழுந்துக்காரியும் இப்படி எண்ணெய்க் கடனாளி ஆனாள்.

எண்ணெய்க்குக் கடன்பட்ட நாட்டின் சப்ரகமுவவில் தண்ணீருக்கா பஞ்சம்? அந்தக் காலத்தில் மலையகத் துரைமார் ஓடையை மறித்து, குழாயில் இறக்கி, டர்பைன் சுழற்றித் தேயிலை ஆலை ஓட்டினார்கள். தேசிய மின்கம்பி வந்ததும் டர்பைன்கள் துருப்பிடித்தன. 1990களில் கம்பெனிகள் ஓடையை 'மீளக் கண்டுபிடித்தன': இரத்தினபுரி, கேகாலையில் சிறு நீர்மின் நிலையங்கள் முளைத்தன, மின்சாரம் இலங்கை மின்சார சபைக்கு விற்பனையானது.

ஒரு வேடிக்கை: தேசிய மின்கம்பியில் மின்சாரம் நின்றால், அதோடு இணைந்த நிலையமும் பாதுகாப்புக்காக நின்றுவிடும். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. நீர்மின் நிலையத்துக்குப் பக்கத்துத் தொழிலாளர் லயமும் மண்ணெண்ணெய்க் கேனைத் தூக்கியது.

ஆலையில் கொழுந்து காயவைக்கும் அடுப்போ, எந்தத் திட்ட அறிக்கையும் படிக்காமல், விறகிலேயே எரிகிறது.