நூற்றுக்கு நூறு பச்சை

9999999999 என்ற கைப்பேசி எண் யாருடையதோ, அவருக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அந்த ஒரே எண்ணின் கீழ் ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகள் பதிவாகியிருந்தார்கள். சொன்னது எதிர்க்கட்சி அல்ல; இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கையில் இருக்கிறது. 8888888888-இல் 1.39 லட்சம் பேர். தமிழ்நாட்டுக்காரர்கள் சளைத்தவர்களா? இங்கே ஏழே ஏழு ஆதார் எண்களில் 4,761 பதிவுகள். 11 பேர் முதல் 201 பேர் வரை கொண்ட குடும்பங்கள் நாடு முழுக்க 43,197. கூட்டுக் குடும்பம் அழிந்துவிட்டது என்று பட்டிமன்றத்தில் கண்ணீர் விடுகிறவர்கள் கவனிக்க. இறந்துவிட்டதாக அதே கணினியில் குறிக்கப்பட்ட 3,446 நோயாளிகள் அதற்கப்புறமும் படுத்துச் சிகிச்சை பெற்றிருக்கிறார்கள். அந்த வகையில் 6.97 கோடி ரூபாய் கைமாறியிருக்கிறது.

அரசு விளக்கம் கொடுத்தது. பயனாளியைச் சரிபார்ப்பதில் கைப்பேசி எண்ணுக்கு வேலையே இல்லையாம். தேவைப்பட்டால் தொடர்புகொள்ளத்தான் வாங்கினார்களாம். நல்லது, ஏழரை லட்சம் பேரையும் ஒரே அழைப்பில் தொடர்புகொண்டுவிடலாம். ஆரம்பத்தில் எண் கட்டாயமில்லை, ஆனால் படிவத்தில் அதற்கொரு கட்டம் இருந்தது, களத்தில் இருந்தவர்கள் ஏதோ பத்து இலக்கத்தைத் தட்டிவிட்டார்கள் என்றும் சொன்னார்கள். இதை மட்டும் நான் அப்படியே நம்புகிறேன். இந்த நாட்டில் கட்டம் என்று ஒன்று இருந்தால் அது எப்படியாவது நிரம்பிவிடும். நிரம்பிய கட்டங்களை எண்ணிச் சொல்வதற்குப் பெயர்தான் நிர்வாகம்.

இப்படிப்பட்ட பதிவேட்டைச் சுத்தம் செய்யத் தரவுத் தணிக்கைக் குழு போடுவார்கள். குழு போட்டால் இலக்கு வேண்டும். இலக்கு அளக்கும்படி இருக்க வேண்டும். எந்த ஊர், எந்தத் துறை என்றெல்லாம் கேட்காதீர்கள். எல்லா அறையிலும் அதே டீ, அதே பிஸ்கட், அதே பேச்சுதான்.

"எத்தனை தப்பு கண்டுபிடிக்கணும்னு டார்கெட் வெச்சுக்கலாமா சார்?"

"அது நம்ம கையில இல்லையேப்பா. கண்டுபிடிச்சா யாராவது பதில் சொல்லணும். வேற சொல்லு."

"அப்ப எத்தனை ரெக்கார்டு பார்த்தோம்னு வெச்சுக்கலாம் சார்."

"வெரி குட். பார்த்தோம்னா என்ன அர்த்தம்?"

"திறந்தோம்னு அர்த்தம் சார்."

"மூடினதையும் சேர்த்துக்க. ரெண்டு எண்ணிக்கை வரும்."

சாயங்காலத்துக்குள் டாஷ்போர்டில் இரண்டு பச்சைக் கட்டைகள் முளைத்துவிடும். மேலே இருப்பவர் பார்ப்பது அந்தப் பச்சையைத்தான். சிவப்பு தெரிந்தால் போன் வரும். போன் வரக்கூடாது என்பதுதான் குழுவின் உண்மையான இலக்கு. அது மட்டும் எந்த ஸ்லைடிலும் எழுதியிருக்காது.

இலக்கு அளக்கும்படி இருக்க வேண்டும் என்கிற இந்த "ஸ்மார்ட் இலக்கு" மந்திரம் 1981 நவம்பரில் ஒரு அமெரிக்க மேலாண்மைப் பத்திரிகையில் ஜார்ஜ் டோரன் என்பவர் எழுதிய சின்னக் கட்டுரையில் பிறந்தது. அவர் போட்ட ஐந்து நிபந்தனைகளில் ஒன்று, இதைச் செய்ய வேண்டியவர் இன்னார் என்று ஆளைக் காட்டுவது. பயிற்சி வகுப்பு பயிற்சி வகுப்பாகக் கைமாறி வந்ததில் அந்த நிபந்தனை கழன்று விழுந்துவிட்டது. அந்த இடத்தில் "எட்டக்கூடியதாக இருக்க வேண்டும்" என்பது வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. ஆளைக் காட்டாதே, கைக்கு எட்டுகிற உயரத்தில் வை. இதைவிட இனிப்பான உபதேசம் எந்த அலுவலகத்துக்குக் கிடைக்கும்?

நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு வருவோம். வித்தை முழுசாக அரங்கேறிய இடம் அது. 2021 மே மாதம் என்எம்எம்எஸ் என்று ஒரு வருகைப் பதிவுச் செயலி வந்தது. 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. வேலைக்கு வந்தவர்களை நாளுக்கு இரண்டு முறை வேலையிடத்திலேயே படம்பிடித்து, இடக்குறியோடு ஏற்ற வேண்டியிருந்தது. ஏரிக்கரைக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பணித்தளப் பொறுப்பாளரும் அதே ஊர்ப் பெண்தான். கையில் சொந்த போன், அதில் சொந்தக் காசில் போட்ட டேட்டா. "அக்கா, முக்காட எடுங்க, மூஞ்சி தெரியல." "ஆயா, மம்முட்டிய கீழ வெச்சுட்டு இந்தப் பக்கம் பாரு." படம் எடுத்தாயிற்று, சிக்னல் இல்லை. போனைத் தூக்கிப் பிடித்தபடி கரைமேட்டில் ஏறுவார். கீழே நாற்பது பெண்கள் கலையாமல் நிற்பார்கள். அளந்து கொடுத்த மண்ணை வெட்டி முடித்தவரும் இரண்டாவது படத்துக்காக வெயிலில் காய வேண்டும். படம் ஏறாவிட்டால் வெட்டின மண் வெட்டினதாகாது, வந்த ஆள் வந்ததாகாது. வேலைக்குக் கூலி என்பது போய்ப் படத்துக்குக் கூலி என்றானது.

படம் கேட்டால் படம் வரும். வந்தது. 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. வேலைக்குச் சம்பந்தமே இல்லாத படங்கள் ஏற்றப்பட்டிருக்கின்றன. ஆளைப் படம் பிடிக்காமல் பழைய படத்தையே படம் பிடித்து ஏற்றியிருக்கிறார்கள். படத்தில் உள்ள தலை எண்ணிக்கைக்கும் பதிவுக்கும் பொருத்தமில்லை. ஆண் பெண் கணக்கு மாறுகிறது. ஒரே ஆள் பல வருகைப் பட்டியல்களில் நிற்கிறார். பிற்பகல் படமே இல்லை. எழுதியது அவர்களே. நாலு வருஷம் கழித்தாவது எழுதினார்களே என்று மகிழலாம் என்றால், அதற்குக் கண்டுபிடித்த மருந்து இருக்கிறதே! ஊராட்சி அளவில் நூறு சதவீதப் படங்களையும் சரிபார்க்க வேண்டும். ஒன்றியத்தில் 20 சதவீதம். மாவட்டத்தில் 10. மாநிலத்தில் 5.

இதைவிட அழகான அளவுகோலை நான் பார்த்ததில்லை. சம்பளம் ஏற ஏறப் பார்க்க வேண்டிய படம் குறைகிறது. படத்தை ஏற்றுவதும் ஊராட்சி, நூறு சதவீதம் சரிபார்ப்பதும் ஊராட்சி. திருடினால் அதே ஆளுக்குள் திருடன், போலீஸ் இரண்டும். திருடாவிட்டால் அதே ஆளுக்கு இரட்டை வேலை, ஒற்றைச் சம்பளம். படத்தில் ஆயாவின் முகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான்கு அடுக்கு அதிகாரம். ஆயாவுக்கு மூன்று மாதமாகக் கூலி வரவில்லையே என்று பார்க்க யார் இருக்கிறார்கள்?

இதெல்லாம் சில்லறை. மொத்த வியாபாரம் பெயர் நீக்கத்தில் நடந்தது. 2021-22இல் நூறு நாள் வேலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட தொழிலாளர்கள் 1.49 கோடி. அடுத்த ஆண்டு 5.18 கோடி. மக்களவையில் அரசே சொன்ன கணக்கு. ஒரே ஆண்டில் ஐந்து கோடிப் பேர்! போலி அட்டை, இரட்டை அட்டை, ஊரைவிட்டுப் போய்விட்டார், இறந்துவிட்டார் என்று காரணங்கள். இவற்றோடு இன்னொன்றும் உண்டு: "வேலை செய்ய விருப்பமில்லை." யாரைக் கேட்டு எழுதினார்கள்? ஜாப் கார்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறவளிடம் போய், "ஏம்மா, உனக்கு வேலை வேணுமா வேணாமா?" என்று எவர் கேட்டார்? கேட்க வேண்டியதில்லை. கணினியில் காரணங்கள் வரிசையாகத் தொங்கும். ஒன்றைத் தட்டினால் போதும். விருப்பமில்லாமல் இருந்தது தட்டிய விரலுக்கு, நடந்து போய்ப் பார்க்க.

அந்த ஆண்டு என்ன அவசரம்? ஆதார் வழியாகத்தான் கூலி என்ற ஏற்பாட்டுக்கு எல்லோரையும் கொண்டுவர வேண்டும் என்று கெடு வைத்தார்கள். தள்ளித் தள்ளி 2024 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கினார்கள். இலக்கு நூறு சதவீதம். பட்டியலில் நூறு பேர், இணைந்தவர் எழுபது என்றால் எழுபது சதவீதம், சிவப்பு. மீதி முப்பது பேரின் வீட்டுக்குப் போய், கைரேகை தேய்ந்தவருக்கு வழி சொல்லி, பெயரில் எழுத்து மாறியவருக்குத் திருத்திக் கொடுத்து நூறைத் தொடலாம், மாதக்கணக்கில் ஆகும். இல்லையென்றால் முப்பது பேரையும் அடித்துவிடலாம். எழுபதுக்கு எழுபது, நூறு சதவீதம், பச்சை. பொதுத்தேர்வுக்கு முன்பே சுமாராகப் படிக்கிற பிள்ளைகளுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டு, வாசலில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பேனர் கட்டும் பள்ளிக்கூடங்களை நாம் பார்க்காததா? ஆனால் அங்கே பெற்றவர்கள் வந்து வாசலில் கத்துவார்கள். இங்கே வாசலே கிடையாது.

நீக்கத்தைச் சாதனையாக அளந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜார்கண்ட் போதும். ஆதாரோடு இணைக்காத ரேஷன் அட்டைகள் செல்லாது என்று 2017 மார்ச்சில் தலைமைச் செயலரிடமிருந்து உத்தரவு போனது. அந்த ஆண்டு செப்டம்பரில், ஆயிரம் நாள் ஆட்சிச் சாதனைகளில் ஒன்றாக, 11 லட்சத்துக்கும் மேற்பட்ட போலி அட்டைகளை ஒழித்ததாக மாநில அரசு மார்தட்டியது. அதே மாதக் கடைசியில் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். அட்டையில் ஆதார் இல்லாததால் அந்த வீட்டுக்கு மாதக்கணக்கில் அரிசி இல்லை. பட்டினியால் செத்தாள் என்று பெற்றவள் சொன்னாள். மலேரியா என்றது நிர்வாகம். காய்ச்சல் என்றால் தரவில் சிவப்பு விழாது அல்லவா? பின்னாளில் கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகிய பொருளாதார ஆய்வாளர்கள் பத்து மாவட்டங்களில் மாதிரி எடுத்துத் தேடிப் பார்த்தார்கள். 2016 முதல் 2018 வரை அங்கே நீக்கப்பட்டவை ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவான அட்டைகள். அவற்றில் பத்துக்கு ஒன்பது, உயிரோடு இருக்கிற, தேடினால் கிடைக்கிற உண்மையான குடும்பங்களுடையவை.

தேடினால் கிடைக்கிற குடும்பங்கள்! வெளியாட்களுக்குக் கிடைத்தவர்கள், அந்த ஊரிலேயே சம்பளம் வாங்குகிற நிர்வாகத்துக்கு எப்படிப் போலியானார்கள்? இத்தனை அட்டைகளை நீக்கினோம் என்று எண்ணினார்கள். இத்தனையைத் தவறாக நீக்கினோம் என்ற கட்டம் படிவத்தில் இல்லை. கட்டம் இல்லாததால் நிரப்பவும் இல்லை.

அளக்க முடியாது என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். வீடு வீடாகப் போய்க் கேட்டு, கிராம சபையில் உரக்கப் படிக்கிற சமூகத் தணிக்கை என்று ஒன்று நூறு நாள் வேலைச் சட்டத்திலேயே இருந்தது. 2017-18 முதல் 2020-21 வரை நான்கு ஆண்டுகளில் அந்தக் குழுக்கள் கண்டுபிடித்த பண முறைகேடு சுமார் 935 கோடி ரூபாய். மீட்கப்பட்டது சுமார் 12.5 கோடி, 1.34 சதவீதம். மாநிலங்களிலேயே அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்டது தமிழ்நாட்டில், சுமார் 245 கோடி. மீட்டது இரண்டு கோடியைச் சற்றுத் தாண்டும். சமூக நீதி மாநிலத்தில் ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை. அரசின் சொந்தக் கணினியில், சொந்தக் கட்டத்தில் இருக்கிற எண் இது. அளந்தாயிற்று. எந்தக் கலெக்டரின் மதிப்பீட்டிலாவது, எந்தச் செயலரின் மாதாந்தர ஆய்விலாவது இந்த 1.34-ஐ ஐம்பதாக்கு என்று எழுதினார்களா? ஐந்து கோடிப் பேரை ஓராண்டில் நீக்கத் தெரிந்த கைக்கு, ஊர்ப் பணத்தைத் தின்றவன் வீட்டுக் கதவைத் தட்டத் தெரியவில்லை. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டு 125 நாள் என்று புதுச் சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். புது டாஷ்போர்டும் வரும். பழைய பாக்கி அதில் ஏறாது.

எனவே அளக்கக்கூடிய இலக்கு கேட்டு அலைகிற குழுக்களுக்கு ஓசியில் ஒரு யோசனை. திறந்தது எத்தனை, மூடியது எத்தனை என்பதைக் குப்பையில் போடுங்கள். நீக்கிய பெயர்களில் நூறை, கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். கணினியில் அல்ல, காலால் போங்கள். கதவைத் திறந்து "நான்தான்" என்று ஒருவர் வந்து நின்றால், அது ஒன்று. நூறில் எத்தனை "நான்தான்" என்பதுதான் உங்கள் மதிப்பெண். கூடக்கூட உங்கள் சம்பள உயர்வு குறையட்டும். தப்பாக நீக்கியதைத் திரும்பச் சேர்க்க எத்தனை நாள் ஆனது என்று எண்ணுங்கள். அத்தனை நாள் கூலியை, நீக்கப்பட்டவளுடைய குற்றம் இல்லாதபோது, யார் கொடுப்பது என்றும் எழுதுங்கள். மீட்பு 1.34 என்றால் அதையே பெரிய எழுத்தில், அமைச்சர் படத்துக்குக் கீழே, வாசல் பலகையில் போடுங்கள்.

டோரன் கேட்டு, நீங்கள் தொலைத்த நிபந்தனையையும் சேர்த்துவிடலாம். நீக்கப்பட்ட ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், நீக்கியவரின் பெயர், பதவி, சொன்ன காரணம் ஆகியவற்றை அச்சடித்து ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். மே முதல் தேதி கிராம சபை கூடும். "வேலை செய்ய விருப்பமில்லை" என்று தட்டியவர் அன்றைக்கு வந்து, மைக்கைப் பிடித்து, அந்தப் பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்கட்டும். அவர்கள் பதில் சொல்லும்வரை காரில் ஏறக்கூடாது. வேண்டுமானால் அதை இரண்டு முறை படம் பிடித்து, இடக்குறியோடு ஏற்றிக்கொள்ளலாம்.