மூன்று கலெக்டர்களும் ஒரு நந்தியும்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் சினிமா நடிகர்களுக்கு மவுசு குறைந்துவிடும். ரசிகர் மன்றமெல்லாம் கலெக்டர்களுக்குத்தான். ராத்திரி நாலு தூறல் விழுந்தால் போதும், இரண்டாம் வகுப்பு படிக்கும் பெரியவள் விடியற்காலையில் தானாக எழுந்து டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். மற்ற நாட்களில் இவளை எழுப்ப நான், என் மனைவி, மாமியார் என்று மூன்று ஷிப்ட் ஆள் வேண்டும். செய்தி வாசிப்பவர் உலக நடப்பெல்லாம் சொல்லி முடிக்கும் வரை ஒரு துறவியின் பொறுமையோடு காத்திருப்பாள். அவளுக்கு வேண்டியது கீழே ஓடும் ஒற்றை வரி.

அந்த வரியில் எங்கள் பிழைப்பு நாறுவதற்குக் காரணம் எங்கள் பக்கத்துப் பூகோளம். வீடு அம்பத்தூரில். அது சென்னை மாவட்டம். பெரியவளின் பள்ளிக்கூடம் திருமுல்லைவாயல் பக்கம். அது ஆவடி மாநகராட்சி, திருவள்ளூர் மாவட்டம். சின்னவனின் எல்.கே.ஜி. எங்கள் தெருமுனையில், ஆகவே மறுபடியும் சென்னை. என் அக்கா இருப்பது மாங்காட்டில், அது காஞ்சிபுரம் மாவட்டம். அக்கா வீட்டுக்குப் போகும் வழியில் பூந்தமல்லி வரும், அது திருவள்ளூர். ஸ்கூட்டரில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் மூன்று கலெக்டர்களின் ஆட்சியைக் கடந்துவிடலாம். மேகத்துக்கு இந்த எல்லைக்கோடு எதுவும் தெரியாது. கலெக்டர்களுக்குத் தெரியும்.

"சென்னை மாவட்டப் பள்ளிகளுக்கு இன்று விடுமுறை" என்று வரி ஓடும். சின்னவன் கட்டில்மேல் ஏறிக் குதிப்பான். விடுமுறை என்றால் என்னவென்று அவனுக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. அக்காவின் முகம் போகிற போக்கைப் பார்த்தே இது நல்ல சேதி என்று தெரிந்துகொள்கிறான். பெரியவள் திருவள்ளூருக்காகக் காத்திருப்பாள். கடலூர் வரும், விழுப்புரம் வரும், புதுச்சேரிகூட வந்துவிடும்.

"ஏம்பா, நம்ம ஸ்கூல்கிட்ட மழை பெய்யலையா?"

"பெய்யுதும்மா."

"அப்ப அந்த கலெக்டர் வீட்ல ஜன்னல் இல்லையா?"

மழைக்கோட்டுக்குள் அவளைத் திணித்து வண்டியில் ஏற்றும்போது, சின்னவன் பால்கனியில் நின்று டாட்டா காட்டுவான். இந்த உலகத்தில் அதைவிடக் கொடூரமான டாட்டாவை நான் பார்த்ததில்லை. "நாம மாங்காட்டுக்கே குடி போயிடலாம்பா. அந்த கலெக்டர் ரொம்ப நல்லவரு" என்பாள் வழி நெடுக. அத்தை பையனுக்கு ஒருமுறை இவளுக்கு முன்னால் லீவு விட்டுவிட்டார்கள். அன்றைக்கு விழுந்த மரியாதை.

என் மாமனாரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். சைக்கிள் கம்பெனியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வீட்டை ஓர் அங்குலம் நகர்த்தாமல் மூன்று மாவட்டத்தில் குடியிருந்தவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. கிரகப்பிரவேசம் செய்தது செங்கல்பட்டு மாவட்டத்தில். 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் பிறந்தபோது அதற்குப் போனார். அங்கிருந்தே பெண்ணைக் கட்டிக்கொடுத்தார். 2018-இல் அம்பத்தூரைச் சென்னை மாவட்டத்தோடு சேர்த்ததும் சென்னைக்காரர் ஆனார். "கொஞ்சம் பொறு கண்ணு, இன்னொரு தடவை கோட்டை மாத்திப் போடுவாங்க. உன் ஸ்கூலும் இந்தப் பக்கம் வந்துடும்" என்று பேத்திக்கு ஆறுதல் சொல்வார். அவள் அதை நம்பிக்கொண்டிருக்கிறாள்.

மழை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது என்பது அடுத்த தலைவலி. நகரத்துக்குள் இருப்பவர்களுக்குக் கடற்கரை இருக்கிறது. எங்கள் பக்கத்திலிருந்து மெரினா போய்வந்தால் ஞாயிறு முடிந்துவிடும், மணல் மட்டும் புதன்கிழமை வரை வீட்டில் இருக்கும். ஆகவே நாங்கள் ஆவடி பஸ் பிடிப்போம். பார்க்க ஒன்றும் இல்லை என்று பெரியவர்கள் நினைக்கிற சி.டி.எச். ரோடு, இவர்கள் இரண்டு பேருக்கும் பொருட்காட்சி.

பஸ் என்றதும் ஒரு குடும்ப விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். 2021-லிருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. மனைவிக்கு இலவசம், மகளுக்கு இலவசம். ஐந்து வயது வரை குழந்தைகளுக்கும் டிக்கெட் வேண்டாம் என்று 2022-இல் சொல்லிவிட்டார்கள். மகனுக்கும் இலவசம். ஆக, எங்கள் குடும்பத்தில் அரசாங்கத்துக்கு ஐந்து ரூபாய் வருமானம் தரும் ஒரே ஜீவன் நான். இந்தக் கௌரவத்தோடு ஜன்னல் சீட்டைக் கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

கண்டக்டர் வந்தார். "பையனுக்கு என்ன வயசு சார்?"

"நாலு."

"ஆறு!" என்றான் சின்னவன், விரைப்பாக நின்று.

எல்.கே.ஜி. வட்டாரத்தில் வயசு கூடக்கூடத்தான் கெத்து. கண்டக்டர் என்னைப் பார்த்த பார்வையில் அரை டிக்கெட் தெரிந்தது. நல்லவேளை, பெரியவள் எழுந்தாள். "பொய் சொல்றான் அங்கிள். போன தையிலதான் இவனுக்கு நாலு முடிஞ்சுது. இன்னும் பாட்டில்லதான் பால் குடிக்கிறான்." கேட்காத தகவலும் சேர்ந்தே வந்தது. பஸ்ஸே சிரித்தது. ஆறு வயது ஆண்மகன் அவமானத்தில் என் சட்டைக்குள் முகத்தைப் புதைத்தான்.

அதோடு முடியவில்லை. மகளிருக்கான கட்டணமில்லா டிக்கெட்டைக் கிழித்து அம்மாவிடம் ஒன்று, அக்காவிடம் ஒன்று கொடுத்தார் கண்டக்டர். எனக்கு ஒன்று. சின்னவனின் கை நீண்டபடியே இருந்தது. உனக்கு டிக்கெட்டே வேண்டாம், சும்மாவே போகலாம் என்று ஒரு மனிதனுக்குப் புரியவைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை அன்றுதான் பார்த்தேன். "எல்லாருக்கும் குடுத்தாங்க, எனக்கு மட்டும் இல்ல" என்று அவன் எடுத்த சுருதியில் டிரைவர் திரும்பிப் பார்த்தார். என் டிக்கெட்டை அவன் கையில் வைத்தேன். அமைதி திரும்பியது.

ரெண்டு ஸ்டாப் தள்ளிச் செக்கிங் ஏறினார்.

அதற்குள் அந்த டிக்கெட் சுருட்டப்பட்டு, கண்டக்டர் விசிலாக மாறி, பாதிக்கு மேல் ஊறிப்போயிருந்தது. இரண்டு விரலால் அதைப் பிரித்த இன்ஸ்பெக்டர், மகனைப் பார்த்து மரியாதையாகவே கேட்டார்: "இது யாரோட டிக்கெட் தம்பி?"

"என்னோடது."

"அப்ப அப்பாவோடது?"

"அப்பா வாங்கவே இல்ல."

கண்டக்டர் சாட்சி சொன்னதால் அபராதத்திலிருந்து பிழைத்தேன்.

ஆவடி போவதற்கு முன்னால் ரயில்வே கேட்டையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கூட்டரில் போகும் நாட்களில் அதுதான் எங்கள் இலவசத் தியேட்டர். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது இந்தத் தடத்தில்தான். எங்கள் பக்கத்து ஜனங்கள் கேட்டில் நிற்க ஆரம்பித்ததும் அப்போதிலிருந்துதான் இருக்க வேண்டும். கேட் விழுந்ததும் பெரியவர்கள் எல்லாருக்கும் ஒரே முகம்: ஆபீஸ் போச்சு, ஆஸ்பத்திரி போச்சு, முகூர்த்தம் போச்சு. வேர்க்கடலைக்காரரும் என் பிள்ளைகளும் மட்டும்தான் மலர்ச்சியாக இருப்பார்கள்.

மூர் மார்க்கெட் போகும் லோக்கல் வரும். அது சில்லறை. பின்னாடியே கன்டெய்னர் ஏற்றிய கூட்ஸ் வந்தால் விருந்து. சின்னவன் பெட்டிகளை எண்ணுவான். அவனுக்குப் பதினாலுக்கு அப்புறம் பதினாறு, அதற்கப்புறம் மறுபடி பன்னிரண்டு. ஆகவே எந்தக் கூட்ஸும் இருபதைத் தாண்டியதில்லை. மைசூரு வந்தே பாரத் 2022 நவம்பரிலிருந்து இந்த வழியாகத்தான் பறக்கிறது. அது வெள்ளையும் நீலமுமாகக் கண் சிமிட்டும் நேரத்தில் போய்விடும். "இது நம்ம பெரம்பூர்ல செஞ்சது" என்பேன், ஏதோ நானே போல்ட் முடுக்கிய மாதிரி. ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955-இல் தொடங்கியது என்றும் சொல்வேன். அதற்குள் ரயில் வில்லிவாக்கம் தாண்டியிருக்கும்.

சின்னவனுக்கு வந்தே பாரத்மேல் மரியாதை இல்லை. அதில் யாரும் கையாட்டுவதில்லை. கூட்ஸின் கடைசிப் பெட்டியில் நிற்கும் கார்டு ஐயா பச்சைக் கொடியை ஆட்டுவார். இவன் பதிலுக்கு ஆட்டுவான். இவன் கையாட்டாவிட்டால் அந்த ரயில் அங்கேயே நின்றுவிடும் என்பது அவன் கட்சி. ஒருநாள் சளி பிடித்து வீட்டில் படுத்திருந்தபோது, "இன்னிக்கு ரயிலெல்லாம் எப்படிப் போகும்?" என்று கவலைப்பட்டான்.

ஆவடியில் இவர்களுக்குத் தெய்வம் டாங்கி. 1961-இல் அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. இப்போது வயதான டாங்கிகளை மேடை கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது எனக்கு யுத்தம், வீரம், தியாகம் என்று என்னென்னவோ தோன்றும். இவர்களுக்கு நடைமுறைக் கேள்விகள். "ஹாரன் எங்க இருக்கு?" என்பான் சின்னவன். "இதுல போனா ஹெல்மெட் போடணுமா?" பெரியவள் பற்சக்கரத்தையும் சங்கிலிப் பட்டையையும் உற்றுப் பார்த்துவிட்டு, "மழையில ஸ்கூலுக்குப் போக இது சரியா இருக்கும்பா. தண்ணி நிக்கிற எடத்துல நம்ம வண்டி மாதிரி ஆஃப் ஆவாது" என்றாள். பாதுகாப்பு அமைச்சகம் கவனிக்கலாம்.

அதே ஆவடியில்தான் 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடியது. நேருவெல்லாம் வந்திருந்து, சோஷலிச பாணி சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டார்கள். அந்தத் தீர்மானத்தைப் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கடலை மிட்டாயை வைத்து அமல்படுத்திப் பார்த்தேன். ஒருவர் உடைக்க வேண்டும், மற்றவர் முதலில் எடுக்க வேண்டும். இதைவிட நியாயமான ஏற்பாடு உண்டா? பெரியவள் கண்ணை இடுக்கி, நகத்தால் கோடு போட்டு, பொற்கொல்லர் கவனத்தோடு உடைத்தாள். சின்னவன் இரண்டு துண்டையும் மாறி மாறிப் பார்த்தான். வலது துண்டை எடுத்து ஒரு நக்கு நக்கினான். கீழே வைத்தான். இடது துண்டை எடுத்து அதையும் நக்கினான். பிறகு இரண்டையும் அக்காவிடம் நீட்டி, "உனக்கு எது வேணுமோ எடுத்துக்கோ" என்றான், முகத்தில் காந்தி களையோடு.

திட்டக் கமிஷனில் யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது.

திரும்பும்போது திருமுல்லைவாயலில் இறங்கி மாசிலாமணீஸ்வரர் கோயிலுக்குப் போவது வழக்கம். மாமியாரின் உத்தரவு. அவரும் சில நாள் கூட வருவார். தொண்டைமான் மன்னனின் யானைக் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது, அவன் வாளால் வெட்டினான், வெட்டு கொடிக்கடியில் இருந்த லிங்கத்தின்மேல் பட்டது என்பது தலபுராணம். அதனால்தான் மூலவருக்குச் சந்தனக் காப்பு. எதிரிகளை வென்று அவன் கொண்டுவந்ததாகச் சொல்லும் எருக்கந்தூண்கள் சன்னிதிக்கு முன்னால் நிற்கின்றன. எங்கள் தெருவோரத்து எருக்கு என் இடுப்பைத் தாண்டியதில்லை. தூண் ஆகும் அளவுக்கு எருக்கு வளர்ந்த காலமும் இருந்திருக்கிறது!

பிள்ளைகளை இழுத்தது தூண் இல்லை, நந்தி. பொதுவாகக் கோயில்களில் நந்தி சிவனைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். இங்கே முதுகைக் காட்டிக்கொண்டு வாசலைப் பார்த்திருக்கிறது. மன்னனுக்குத் துணையாகச் சண்டைக்குப் போக இறைவன் அனுப்பியதால் அப்படித் திரும்பியது என்று மாமியார் விளக்கினார்.

"இல்ல ஆயா. சாமிகூட டூ விட்டுடுச்சு" என்றான் சின்னவன். அவன் கோபித்துக்கொண்டால் உட்காரும் விதமும் அச்சு அசல் அதுதான். முகம் பிரிட்ஜைப் பார்க்க, முதுகு எங்களைப் பார்க்க.

நந்தியின் ஒரு காதைப் பொத்தி, இன்னொரு காதில் வேண்டுதலைச் சொன்னால் அது சிவனிடம் போய்ச் சேரும் என்று ஆயா சொல்லிக்கொடுத்தார். பெரியவள் எக்கி நின்று நெடுநேரம் என்னவோ சொன்னாள். என்ன கேட்டாய் என்றால் சொல்ல மாட்டாளாம், பலிக்காதாம். எனக்குக் காதில் விழுந்தது 'திருவள்ளூர்' மட்டும்தான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கோபித்துக்கொள்பவருக்கு நந்தி என்று பெயர். யார் வேண்டுமானாலும் ஆகலாம். போன வாரம் நான் ஆனேன். பூந்தமல்லியில் ஒரு கல்யாணத்துக்கு என்ன மொய் எழுதுவது என்பதில் எனக்கும் மனைவிக்கும் வாக்குவாதம். நான் பால்கனிப் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"அப்பா நந்தி ஆயிட்டாரு. கிட்டப் போவாதீங்க" என்று உள்ளேயிருந்து எச்சரிக்கை வந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒரு பிசுபிசுப்பான உள்ளங்கை என் வலது காதை அடைத்தது. இடது காதில் சூடாக மூச்சு. "கப் ஐஸ் வேணும். அக்காகிட்ட சொல்லாத."

அவன் போனதும் வலது காதுக்கு இன்னொரு வாய் வந்தது. "அவன் கேட்டது எனக்கும் கேட்டுச்சு. ரெண்டு வாங்குப்பா. எனக்குப் பெருசு."

நான் அசையவில்லை. நந்திக்கு ஒரு கெத்து இருக்கிறதல்லவா? அப்போது பின்னாலிருந்து மனைவியின் குரல், காதைப் பொத்தாமல், ரகசியமில்லாமல், நேராகவே வந்தது: "ஏங்க, கடைக்குப் போறப்ப அப்படியே அரை லிட்டர் பாலும் கொஞ்சம் கறிவேப்பிலையும்."

வண்டிச் சாவியைத் தேடினேன். அது சின்னவன் கையில் தயாராக இருந்தது.