கீறினால் சிறை, எரித்தால்?

2015 பெப்ரவரியில் சீகிரியாவின் கண்ணாடிச் சுவரில் தன் பெயரைக் கீறிய மட்டக்களப்பு இளம்பெண்ணுக்குத் தம்புள்ளை நீதிமன்றம் இரண்டு ஆண்டு சிறை விதித்தது. பிறகு ஜனாதிபதி மன்னித்தார். அதே சுவரில் ஆயிரம் ஆண்டுக்கு முன் கீறியவர்களோ கவிஞர்களாகிவிட்டார்கள். அவர்களுடைய 685 பாடல்களைத் தொல்லியலாளர் பரணவிதான பதிப்பித்தார். குற்றத்துக்கும் இலக்கியத்துக்கும் இடைத்தூரம் ஆயிரம் ஆண்டுதான் போலும். அமெரிக்காவின் வேர்ஜினியாவிலே, 2016இல் கறுப்பினப் பிள்ளைகள் படித்த பழைய பள்ளிக்கூடச் சுவரில் இனவெறிச் சின்னம் தீட்டிய பதின்வயதினருக்குச் சிறை கிடைக்கவில்லை. புத்தகப் பட்டியல் ஒன்று கிடைத்தது: மாதம் ஒன்றை வாசித்து அறிக்கை எழுத வேண்டும்.

வாசிப்பைத் தண்டனையாக்கலாமா என்று கேட்பார்கள். எங்கள் பரீட்சைகள் குற்றமே செய்யாத பிள்ளைகளுக்கு அதைத்தானே செய்கின்றன! இளகிய தண்டனை துணிவூட்டும் என்பாரும் உண்டு. ஆனால் சிறைக்குப் போய் வந்தவன் சுவரின் பெறுமதியைப் படித்துக்கொண்டு வருவதில்லை. சிறையின் சுவரைத்தான் படிக்கிறான். 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் இலங்கையிலும் சமுதாயஞ்சார் சீர்திருத்தத்துக்கு வழி விட்டிருக்கிறது. ஆகவே, இறுப்பிட்டி போன்ற ஊரில் ஆளில்லாத வீட்டுச் சுவரில் கரியால் காதலி பெயரை எழுதுகிறவனுக்கு ஒரு வாளி சுண்ணாம்பு போதும். வெளிநாட்டிலிருக்கும் வீட்டுக்காரருக்கும் செலவு மிச்சம். பெரிய கைகளுக்குத்தான் இன்னும் பொருத்தமான தண்டனை அகப்படவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களை எரித்தவர்களில் ஒருவருக்கேனும் ஒரு பக்கம் வாசிக்கும் தண்டனைகூடக் கிடைக்கவில்லை.